அத்தியாயம் 5: அன்று உயிர் காத்த பயம், இன்று வீட்டுக்குள்

தம்பலகாமத்தில் இன்று முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் இருப்பவர்கள் எப்படிப்பட்ட சிறுபராயத்தைக் கடந்து வந்தவர்கள்? 1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியுமுன் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைத் தண்ணீர் கொண்டுபோனது. 1990இல் திருகோணமலை மாவட்டம் எங்கும் குடும்பங்கள் வீடுவாசலை விட்டு ஓடின. 1996 பெப்ரவரி 11ஆம் திகதி கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். இரண்டு வருடம் கழித்து, 1998 பெப்ரவரி 1ஆம் திகதி, தம்பலகாமத்தின் பாரதிபுரத்திலேயே எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். 2004 டிசெம்பர் 26இல் கடல் சுனாமியாக வந்தது. 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து ஆயிரக்கணக்கான முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கம் தப்பி வந்தார்கள். இவற்றுக்கு இடையில் சுற்றிவளைப்பு, செக்பொயின்ற், பிள்ளைபிடிப்பு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என இந்தப் பிரதேசத்தின் மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஏதோ ஒரு விதத்தில் இதற்குள்தான் வளர்ந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் இன்று கணவன், மனைவி, அப்பா, அம்மா, ஆசிரியர், கடைக்காரர், வயற்காரர். இந்த அத்தியாயம் அவர்களுக்காகவும் அவர்களோடு வாழ்பவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. நாம் சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான். அன்று உங்களை உயிரோடு வைத்திருந்த பழக்கங்களே இன்று உங்கள் உறவுகளை அறுக்கின்றன. அவை உங்கள் குறையும் அல்ல, விதியும் அல்ல. கற்றுக்கொண்ட பழக்கம் எதையும் மாற்றிக் கற்கலாம்.

யுத்தம் மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். அப்பாவின் குடி, அம்மா அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு மூலையில் இருந்தது, அம்மா மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன வருடங்கள், யாரிடமும் சொல்லமுடியாத பாலியல் துன்புறுத்தல், பாடசாலையில் பிரம்படி ஆகியவையும் இதே வடுவைத்தான் விடுகின்றன.

உடல் கற்ற பாடம்

ஆபத்து வரும்போது மூளையின் உட்பகுதியில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு உறுப்பு எச்சரிக்கை கொடுக்கிறது. அட்ரினலினும் கோர்டிசோலும் இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு அடிக்கிறது, மூச்சு மேலேறுகிறது, கைகால் ஓடத் தயாராகின்றன. யோசித்து நிதானிக்கும் முன்மூளை அந்த நேரம் பின்னுக்குப் போய்விடுகிறது. ஆபத்து விலகியதும் எல்லாம் தணிய வேண்டும். இயல்பான வாழ்க்கையில் அப்படித்தான் நடக்கும்.

ஆபத்து விலகாத வீட்டிலும் ஊரிலும் வளரும் பிள்ளைக்குத் தணிவதற்கு நேரம் கிடைப்பதில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் மூளை, இதுதான் உலகம் என்று எடுத்துக்கொள்கிறது. சத்தம் என்றால் பதுங்கு, அழுதால் காட்டிக்கொடுத்துவிடுவாய், யாரையும் நம்பாதே, ஆசைவைத்த ஆள் திரும்பி வரமாட்டார், வாயைத் திறக்காதே. இந்தப் பாடங்கள் அன்று சரியானவை. பங்கருக்குள் அழாமல் இருந்த பிள்ளை குடும்பத்தையே காப்பாற்றியிருக்கலாம். சுற்றிவளைப்பில் தலைகுனிந்து மௌனமாக நின்ற பொடியன் வீடு திரும்பினான்.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி, ரொபர்ட் அண்டா என்ற இரு வைத்தியர்களின் குழு ஆயிரக்கணக்கான வளர்ந்தவர்களிடம் அவர்களின் சிறுபராயத்தைப் பற்றிக் கேட்டு, 1998இல் முடிவுகளை வெளியிட்டது. அடி, வசை, பாலியல் துன்புறுத்தல், தாய் தாக்கப்படுவதைப் பார்த்தல், வீட்டில் குடி அல்லது மனநோய் போன்ற அனுபவங்களில் நான்கு வகை அல்லது அதற்கு மேல் கண்டவர்களிடம் குடிப்பழக்கம், போதைப்பொருள் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. அந்த ஆய்வு யுத்தத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. நமது ஊரில் அந்தப் பட்டியலின் மேல் யுத்தமும் ஏறியிருக்கிறது.

வளர்ந்த பிறகு எப்படித் தெரியும்?

உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு, நீண்டகால மனவடுவின் பின் தெரியும் மூன்று தொல்லைகளைத் தனியாகக் குறிப்பிடுகிறது: உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாமை, தன்னைப் பற்றிய தாழ்ந்த எண்ணம், உறவுகளில் நெருங்க முடியாமை. வீட்டுக்குள் அவை பின்வருமாறு வரும். உங்களுக்குப் பொருந்துவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*திடீர்க் கோபம்.* சின்ன விசயம், பெரிய சீற்றம். பத்து நிமிடத்தில் கோபம் போய்விடும், வெட்கம் மட்டும் இரவு முழுக்க இருக்கும்.

*மரத்துப்போதல்.* சாவீட்டிலும் கண்ணீர் வராது, கலியாண வீட்டிலும் சந்தோசம் வராது. "இவருக்கு எங்கட மேல பாசமே இல்ல" என்று மனைவி சொல்வார். பாசம் இருக்கிறது, அதை வெளியில் கொண்டுவரும் வழி சிறுவயதிலேயே அடைபட்டுவிட்டது.

*விடாமல் பிடித்தல்.* கணவன் வரப் பத்து நிமிடம் பிந்தினால் பத்துத் தரம் கோல் எடுப்பது. மகளைப் பக்கத்து ஊர் டியூசனுக்குக்கூட விட மறுப்பது. ஒருநாள் வெளியே போன அண்ணன் திரும்பி வராத வீட்டில் வளர்ந்தவருக்கு, பிந்துதல் என்பதே காணாமல் போதல்தான்.

*முந்திக்கொண்டு விலகுதல்.* யாராவது நெருங்கி வந்தால் ஏதோ ஒரு சண்டையை உண்டாக்கி விலகிப்போவது. தான் விட்டுப் போனால், தன்னை விட்டுப் போகும் வலி வராது என்ற கணக்கு.

*எப்போதும் பணிந்துபோதல்.* "உங்கட விருப்பம்" என்பதே எல்லாவற்றுக்கும் பதில். மறுத்துப் பேசினால் அடி விழும் வீட்டில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் இப்படி ஆகிவிடுகிறார்கள். மற்றவர்கள் இதை நல்ல குணம் என்று பாராட்டுவதால் நோவு வெளியே தெரிவதில்லை.

*தப்பிப் பிழைத்த குற்றவுணர்வு.* "அவன் போயிட்டான், நான் இருக்கிறன்" என்று எந்த நல்ல நாளிலும் மனம் சொல்லிக்கொண்டிருக்கும்.

இவற்றில் ஒன்றிரண்டு இருப்பதால் மட்டும் ஒருவர் நோயாளி ஆகிவிடமாட்டார். இவை உங்கள் வேலையையும் தூக்கத்தையும் உறவையும் தொடர்ந்து குழப்பினால்தான் கவனிக்க வேண்டும்.

யுத்தம் வீட்டுக்குள் வரும் வழி

வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கிளோடியா கடானியும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. பிள்ளைகளில் 82.4 வீதமானோர் யுத்தச் சம்பவம் ஒன்றையாவது கண்டிருந்தார்கள். வீட்டுக்குள் நடந்த வன்முறையில் ஏதாவது ஒன்றையாவது அனுபவித்தவர்கள் 95.6 வீதம். 30.4 வீதமானவர்களிடம் மனவடுவுக்குப் பிந்திய நோய் இருந்தது, 19.6 வீதமானவர்களிடம் கடும் மனச்சோர்வு. யுத்தத்தைக் கூடுதலாகக் கண்ட பிள்ளைகளின் வீடுகளிலும் அப்பா குடிக்கும் வீடுகளிலும் அடியும் கூடுதலாக இருந்தது.

இந்த எண்களை மெதுவாகத்தான் வாசிக்க வேண்டும். ஷெல் வீட்டின் மேல் விழாவிட்டாலும், யுத்தம் கசிப்புப் போத்தல் வழியாகவும் அப்பாவின் கை வழியாகவும் உள்ளே வந்திருக்கிறது. அன்று அடி வாங்கிய அந்தப் பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பல வருடம் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனி ஆட்கள் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுவதைக் 'கூட்டு மனவடு' என்று விளக்கியது இதனால்தான்.

நம்பிக்கை தருவதும் இதே உறவுகளுக்குள் இருக்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த எமி வேர்னர், கடுமையான சூழலில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்ல நிலையில் வாழ்வதைக் கண்டார். அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு துணை இருந்தது. தாயோ, அம்மம்மாவோ, ஆசிரியரோ, யாராவது ஒரு பெரியவர் அவர்களை விடாமல் நேசித்திருந்தார். வட இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் பின்னர் செய்யப்பட்ட ஆய்வும் பெற்றோரின் அன்பான கவனிப்பு, காயப்பட்ட பிள்ளைகளின் மனதுக்குப் பாதுகாப்பாக இருப்பதைக் காட்டியது. நீங்கள் முழுதாகக் குணமாகும்வரை உங்கள் பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் அன்பு இன்றைக்கே வேலை செய்யும்.

ஒரு மாலை நேரம்

பல வீடுகளின் கதையைச் சேர்த்து எழுதிய காட்சி இது.

இருட்டத் தொடங்கிவிட்டது. படலைக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. நாய் குரைக்கிறது. விறாந்தையில் இருந்த அப்பா எழும்பி லைட்டை அணைத்துவிடுகிறார். எழும்பியதும் சுவிட்சைத் தொட்டதும் அவருக்கே தெரியாது. ஏழு வயது மகன் கேட்கிறான்: "அப்பா, ஏன் லைட்ட நூத்தீங்க? நான் எழுதிறன்." அவன் போய் மறுபடியும் போடுகிறான். "வாயப் பொத்தடா!" என்ற குரலோடு அடி விழுகிறது. அடுக்களையிலிருந்து மனைவி ஓடிவருகிறார்: "என்னப்பா இது? பிள்ளை என்ன செஞ்சவன்?" படலையில் நிற்பவர் வட்டவிதானை. வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளைச் சொல்ல வந்திருக்கிறார்.

இருட்டு, வண்டி நிற்கும் சத்தம், நாய்க் குரைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தவுடன் அந்த மனிதனின் உடல் பழைய இரவு ஒன்றுக்குப் போய்விட்டது. அங்கே வெளிச்சம் என்றால் சாவு, சத்தம் போடும் பிள்ளை என்றால் ஆபத்து. அவர் மகனை அடிக்கவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். அடித்தார், கன்னம் சிவந்திருக்கிறது. ஆனால் "நான் கெட்ட அப்பா" என்று முடிவுகட்டினால் வெட்கம் கூடும், வெட்கம் கூடினால் குடியும் கூடும், அடுத்த அடி இன்னும் விரைவாக விழும். "இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், இதை நிறுத்தும் பொறுப்பு என்னுடையது" என்று சொல்லத் தெரிந்தவர்தான் மாறுகிறார்.

செய்து பழக ஆறு வழிகள்

1. கொப்பி வைத்திருங்கள். ஒவ்வொரு சீற்றத்துக்கும் பதற்றத்துக்கும் பிறகு நான்கு வரி போதும்: என்ன நடந்தது, உடலில் என்ன தெரிந்தது, நான் என்ன செய்தேன், இது எனக்கு எந்தக் காலத்தை ஞாபகப்படுத்துகிறது. எழுதிக்கொண்டே வந்தால் உங்களைத் தூண்டும் மூன்று நான்கு விசயங்கள் தெளிவாகிவிடும். வெடிச் சத்தமாக இருக்கலாம், சீருடையாக இருக்கலாம், யாரோ குரல் உயர்த்துவதாக இருக்கலாம், சிலருக்குப் பெப்ரவரி மாதமே போதும். நினைவுநாள் நெருங்கும்போது உடல் தானாக இறுகுவது பலருக்கும் நடப்பதுதான். அந்த நாட்களில் பெரிய முடிவுகளையும் பழைய சண்டைகளையும் தள்ளிவையுங்கள்.

2. முதலில் உடலைத் தணியுங்கள். பதறும் உடலோடு புத்தி பேசாது. இரண்டு பாதத்தையும் நிலத்தில் அழுத்துங்கள். நான்கு எண்ணும் நேரம் மூச்சை உள்ளே இழுங்கள், ஆறு எண்ணும் நேரம் வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளமானால் நெஞ்சுத்துடிப்பு இறங்கும். கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள், இன்றைய வருடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தயா சோமசுந்தரம் போன்றவர்கள் அவரவர் சமயத்தில் ஏற்கனவே இருக்கும் முறைகளையே இதற்குப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஆதிகோணநாயகர் கோயிலில் மூச்சோடு சேர்த்து உச்சரிக்கும் மந்திரமும் முஸ்லிம்களின் திக்ரும் கிறிஸ்தவர்களின் செபமாலையும் பௌத்தர்களின் ஆனாபானசதியும் உடலுக்கு ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பதற்றம் இல்லாத நேரத்தில் தினமும் பத்து நிமிடம் பழகினால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும்.

3. சொல்லிவிட்டு விலகுங்கள், சொன்னபடி திரும்பி வாருங்கள். "எனக்குக் கோவம் ஏறுது. பத்து நிமிசத்தில வாறன்." இந்த இரண்டு வசனத்தை வீட்டில் எல்லோரும் பாடமாக்கி வைத்திருங்கள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுங்கள். பத்து நிமிடத்தில் கட்டாயம் திரும்புங்கள். சொல்லாமல் போய் வராமல் விடுவது, காத்திருப்பவரின் பழைய காயத்தைத் திறந்துவிடும்.

4. பிழை நடந்தால் அன்றைக்கே சரிசெய்யுங்கள். நித்திரைக்கு முன் பிள்ளையின் அருகில் இருந்து சொல்லுங்கள்: "மகன், அப்பா அடிச்சது பிழை. உன்னில ஒரு குற்றமும் இல்ல. அப்பாவுக்குப் பயம் வந்திட்டுது. இனி அடிக்காமல் இருக்கப் பழகிறன்." தான்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வது பிள்ளை மனதின் இயல்பு. அந்தப் பாரத்தை இறக்கிவைக்க உங்களால்தான் முடியும். மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று அஞ்சவேண்டாம். உங்களுக்கு அன்று யாரும் சொல்லாத சொல் இது.

5. பழைய கதையை அளவோடு பேசுங்கள். மடையை ஒரேயடியாகத் திறந்தால் வரம்பு உடையும். மூடியே வைத்தால் பயிர் காயும். கதையும் அப்படித்தான் அளவோடு போகவேண்டும். நம்பிக்கையான ஒருவரிடம், ஒரு நாளைக்கு ஒரு சிறு பகுதி, பாதுகாப்பான நேரத்தில். பேசிக்கொண்டிருக்கும்போது தலை சுற்றினாலோ கை கால் விறைத்தாலோ நிறுத்தி, இரண்டாவது வழிக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகளிடம் கொலைக் காட்சிகளை விவரிக்க வேண்டாம். "அந்தக் காலத்தில எங்களுக்குக் கஷ்டம் வந்தது, அதாலதான் அப்பா சத்தத்துக்குப் பயப்பிடுறார்" என்ற அளவு அவர்களுக்குப் போதும்.

சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு, உள்ளூரில் பயிற்றப்பட்டவர்களைக் கொண்டு இரண்டு முறைகள் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. ஒரு குழு நடந்ததை வரிசையாகச் சொல்லிக் கதையாக்கியது. மற்றது தியானத்தையும் தளர்வுப் பயிற்சியையும் செய்தது. ஆறு அமர்வுகள்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற் குழுவில் 81 வீதமானோரும் இரண்டாம் குழுவில் 71 வீதமானோரும் தேறியிருந்தார்கள். பேசுவதும் உதவுகிறது, மூச்சும் உதவுகிறது. பேச முடியாதவர் மூச்சிலிருந்து தொடங்கலாம்.

6. நித்திரையைக் காப்பாற்றுங்கள், குடியைக் குறையுங்கள். கனவுக்குப் பயந்து குடிப்பவர்கள் பலர். சாராயம் விரைவாக நித்திரையைக் கொடுக்கும், ஆனால் அதன் ஆழத்தைக் கெடுத்து, விடியப்புறம் கனவைக் கூட்டிவிடும். நாள்தோறும் அதிகம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். வைத்தியரோடு கதைத்து நிறுத்துங்கள்.

துணையாக இருப்பவருக்கு

உங்கள் கணவரோ மனைவியோ எட்டத்தில் நிற்கும்போது, அந்தத் தூரம் உங்களைப் பற்றியது அல்ல என்பதை ஞாபகம் வைத்திருங்கள். "எல்லாத்தையும் மறந்திடுங்க, எவ்வளவு காலமாச்சு" என்ற சொல் உதவாது. "இப்ப எங்க இருக்கிறீங்க? நான் பக்கத்தில இருக்கிறன்" என்ற சொல் உதவும். பின்னால் வந்து தொடுவது, தூங்குபவரை உலுக்கி எழுப்புவது இரண்டையும் தவிருங்கள். எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வருவேன் என்று சொன்ன நேரத்துக்கு வருவதே அவருக்கு மருந்து.

பொறுமைக்கும் எல்லை உண்டு. அடியைப் பொறுத்துக்கொள்வது வைத்தியம் ஆகாது. அவருடைய காயம் உண்மையானது, உங்களுடைய காயமும் உண்மையானது. கை ஓங்கப்பட்டால் பிள்ளைகளோடு எங்கே போவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929.

எப்போது, எங்கே போவது?

சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே. தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தினால் அன்றைக்கே. கனவும் பதற்றமும் ஒரு மாதத்துக்கு மேல் வேலையைக் கெடுத்தால், குடி இல்லாமல் நாள் போகாவிட்டால், பிள்ளையை அடிப்பதை நிறுத்த முடியாவிட்டால், தள்ளிப்போடாமல் போங்கள்.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அரச வைத்தியசாலையில் உளநலச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அருகிலுள்ள வைத்தியசாலையில் கேட்டால் திருகோணமலைக்கு அனுப்பிவைப்பார்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள். போகும்போது கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். ஆரம்பத்தில் வாய் வராதவருக்கு அந்த எழுத்து பேசும்.

"பைத்தியம் எண்டு சொல்லுவினம்" என்ற பயம் பலரைத் தடுக்கிறது. முறிந்த காலோடு வயலுக்குப் போகும்படி நாம் யாருக்கும் சொல்வதில்லை. இதற்கும் அதே நியாயம்தான்.

மூச்சுப் பயிற்சியால் தீராதது

குமாரபுரம் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் இராணுவத்தினர் 2016இல் விடுதலை செய்யப்பட்டார்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கிலும் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். நீதி கிடைக்காத துக்கம் உளவளத்துணையால் மட்டும் ஆறாது. உங்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. அதைக் கேள்வியாக, மனுவாக, நினைவேந்தலாக உரியவர்களின் முன் வையுங்கள். அந்தக் கோபத்துக்கு உரிய இடம் அதுதான். ஏழு வயது மகனின் கன்னம் அதற்கு உரிய இடம் அல்ல. இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகுவதற்கே இந்த அத்தியாயம்.

இந்த வாரம்

ஒரு கொப்பி வாங்கி முதல் நான்கு வரியை எழுதுங்கள். காலையிலோ மாலையிலோ பத்து நிமிடம் மூச்சைப் பழகுங்கள். "பத்து நிமிசத்தில வாறன்" என்ற வசனத்தை வீட்டில் எல்லோருக்கும் விளங்கப்படுத்துங்கள். சிறுபராயத்தில் உங்களை நேசித்த பெரியவர் யாராவது இன்னும் இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவர் உங்களுக்கு எப்படி இருந்தாரோ, அதே இடத்தில் இன்று நீங்கள் ஒரு பிள்ளைக்கு இருக்கிறீர்கள். வார முடிவில் கொப்பியைத் திறந்து, ஒரு தரமாவது அடிக்காமல், கத்தாமல், ஓடாமல் நின்ற நேரத்தைக் கோடிட்டு வையுங்கள். அடுத்த அத்தியாயத்தின் பயிற்சி அந்தக் கோட்டிலிருந்து தொடங்கும்.